தாயின் பெயர் என்னும் கட்டம்

2017 மார்ச். ஜெயலலிதா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆர். மகாதேவன் முன்பு ஒரு மனு வந்தது. மனுதாரர், தான் ஜெயலலிதாவுக்கும் நடிகர் சோபன் பாபுவுக்கும் பிறந்த மகன் என்றும், தன்னை வாரிசாக அறிவிக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தார். ஆதாரமாக ஒரு தத்துப் பத்திரம். 1986இல் எழுதியது என்று போட்டிருந்தது. அதில் பெற்றோர் என்று சொல்லப்பட்டவர்களின் படங்கள், சாட்சியாக எம்.ஜி.ஆர். படம், கையெழுத்துகள். எல்.கே.ஜி. படிக்கும் பிள்ளையிடம் காட்டினால்கூட இது ஜோடித்தது என்று சொல்லிவிடும் என்கிற பொருளில் நீதிபதி கண்டித்தார். எல்லோருக்கும் கிடைக்கிற படத்தை எடுத்து ஒட்டிவிட்டு மகன் என்கிறீர்களா என்று கேட்டார். பத்திரங்கள் போலி என்று தெரிந்து, மனுதாரர் மீது காவல்துறை நடவடிக்கைக்கு உத்தரவானது.

அந்த வாரம் அந்தப் பத்திரத்தின் படம் என் கைப்பேசிக்கு மூன்று குழுக்களிலிருந்து வந்து சேர்ந்தது. ஒன்று சொந்தக்காரர்கள் குழு, ஒன்று பள்ளித் தோழிகள் குழு, இன்னொன்று பேராசிரியர்கள் குழு. நீதிபதி சொன்னது எதிலும் இல்லை. ‘அப்பவே தெரியும்’ என்பதுதான் எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது. என்ன தெரியும், எப்போது தெரியும் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அனுப்பியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உண்மையில் அந்தக் காகிதம் புதிதாக எதையும் சொல்லவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாத ஒரு நடிகை, ஒரு முதலமைச்சர், எங்கோ ஒரு பிள்ளையை ஒளித்து வைத்திருக்கிறார் என்ற பேச்சு நான் பாவாடை சட்டை போட்டிருந்த காலத்திலேயே திண்ணையில் இருந்தது. ஆள் மாறும், ஊர் மாறும். 2016 டிசம்பரில், உடலை அடக்கம் செய்த மண் ஈரம் காய்வதற்குள், ஒரு பெண்ணின் புகைப்படம் ‘அம்மாவின் மகள்’ என்று சுற்றியது. படத்தில் இருந்தது வெளிநாட்டில் குடும்பத்தோடு வாழும் வேறொரு பெண்; அவர் யார் என்று தெரிந்த பாடகி சின்மயி பொதுவெளியில் எழுதித் தெளிவுபடுத்தினார். அந்த மறுப்பு எத்தனை பேரிடம் போனதோ, படம் இன்றும் அவ்வப்போது வருகிறது. பேச்சு முன்பே தயாராக இருந்தது, காகிதம் பின்னால் வந்து அதில் உட்கார்ந்துகொண்டது.

எங்கள் பக்கத்துக் கூத்தில் ‘கர்ண மோட்சம்’ விடியற்காலையில்தான் உச்சத்துக்கு வரும். கர்ணன் சாய்ந்து கிடக்கிறான். குந்தி ஓடிவந்து, ஊர் அறிய, என் மகனே என்று மடியில் போட்டுக்கொள்வாள். அந்த நேரம் வரைக்கும் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்த பெண்கள்கூட எழுந்து உட்கார்ந்து அழுவார்கள். ஒளித்த பிள்ளையும், கடைசியில் அதை ஒப்புக்கொள்ளும் தாயும் நம் ரசனையில் அவ்வளவு ஆழமாக இருக்கிறார்கள். ஜெயலலிதாவிடமும் அந்தக் காட்சியைத்தான் எதிர்பார்த்தோம் என்று நினைக்கிறேன். அவர் தராமலே போய்விட்டதால் ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து அவரைக் குந்தியாக்கப் பார்த்தோம். கர்ணனை உண்டாக்கிய சூரியனிடம் கூத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை. சோபன் பாபுவைப் பற்றியும் அந்த மூன்று குழுக்களில் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்து வந்த வழக்குதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பெங்களூருவைச் சேர்ந்த ஒரு பெண், தான் ஜெயலலிதாவின் மகள் என்று சொல்லி மரபணுப் பரிசோதனை கேட்டார். 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்காமல் அனுப்ப, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அந்தப் பெண்ணைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. தாயைத் தேடுகிற ஒருவரை, அது யாராக இருந்தாலும், கேலி செய்ய எனக்கு வராது. நான் சொல்ல வருவது அரசு சொன்ன பதிலைப் பற்றி. மனுதாரர் பிறந்ததாகச் சொன்ன தேதி 1980 ஆகஸ்ட் 14. 2018 ஜூலையில் அரசுத் தரப்பு ஒரு காணொளியைக் கொண்டுவந்தது. 1980 ஜூலையில் நடந்த ஃபிலிம்பேர் விருது விழாவில் ஜெயலலிதா கலந்துகொண்ட காட்சி. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னால் இருக்கும் பெண் இப்படியா இருப்பார், கர்ப்பத்துக்கான அறிகுறி எங்கே என்பது வாதம். அந்த ஆண்டு அக்டோபரில் மனு தள்ளுபடியானது.

சட்டப்படி அது கெட்டிக்கார வாதம்தான். மறுக்க முடியாது. ஆனாலும் நினைத்துப் பாருங்கள். ஆறு முறை முதலமைச்சராகப் பதவியேற்ற ஒருவர் இறந்து ஒன்றரை ஆண்டு கழித்து, அவருடைய முப்பத்திரண்டு வயது உடம்பைத் திரையில் ஓடவிட்டு, வயிறு தட்டையாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறோம். அவருடைய பெயரைக் காப்பாற்ற வந்தவர்களே அதைக் கொண்டுவந்தார்கள். பொய் சொன்னவர்களும் அதை மறுத்தவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். அந்த வயிறு எல்லோரும் பார்க்கலாம், பார்த்துத் தீர்ப்பு சொல்லலாம்.

‘ட்ரோல்’ என்ற சொல்லை என் மாணவிகள் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். கலாய்ப்பது, வச்சு செய்வது என்பதற்கு நெருக்கமான விளையாட்டுச் சொல்லாக அது தமிழில் வந்து சேர்ந்திருக்கிறது. ஸ்காண்டிநேவியக் கதைகளில் வரும் பூதத்துக்கு அந்தப் பெயர் உண்டு. ஓடுகிற படகுக்குப் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு போகும் மீன்பிடிப்புக்கும் ஆங்கிலத்தில் அதே சொல். எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. தூண்டில் போடுகிறவருக்கு இரைமேல் நம்பிக்கை தேவையில்லை. மீன் திரும்பிப் பார்த்தால் போதும். சொல் புதிதே தவிர ஆள் பழைய ஆள்தான். இணையம் வருவதற்கு முன்பு அவருக்கு மொட்டைக் கடுதாசி இருந்தது, ராத்திரியில் எழுதிய சுவரெழுத்து இருந்தது, யார் அச்சடித்தது என்று தெரியாத நோட்டீஸ் இருந்தது.

அப்படி ஒரு நோட்டீஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது 1996 அக்டோபரில். நான் கல்லூரியில் முதலாண்டு. நெல்லிக்குப்பம் நகராட்சித் தேர்தல். உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று ஒதுக்கி நடந்த முதல் தேர்தல் அது. எங்கள் வார்டு பெண்கள் வார்டாகிவிட்டது. பெரிய அத்தை சுயேச்சையாக நின்றார். கல்யாணம் ஆகாதவர், தையல் வகுப்பு நடத்தி வந்தார். வார்டில் பாதி வீட்டுப் பெண்களுக்கு ஜாக்கெட் வெட்டக் கற்றுக்கொடுத்ததே அத்தைதான் என்பதால் ஓட்டு விழும் என்று எல்லோரும் நம்பினோம். ‘யாரு வீட்டுக்காரரு?’ என்று பிரச்சாரத்தில் கேட்பார்கள். ‘நாந்தான் நிக்கிறேன், அவரு நிக்கல’ என்பார். சிரித்துவிடுவார்கள்.

வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் முன்பு காலையில் பாரி சர்க்கரை ஆலைக் கதவருகில், ரேஷன் கடையில், பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் அந்த நோட்டீஸ் கிடந்தது. ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்த பிறப்புச் சான்றிதழ். ஆண் குழந்தை, பிறந்த ஆண்டு 1987, பிறந்த இடம் நெய்வேலி. தாயின் பெயர் என்ற இடத்தில் பெரிய அத்தையின் பெயர். தந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. மறுபக்கம் நான்கு வரி. அவற்றை இங்கே எழுத மாட்டேன்.

அந்தப் பையன் எங்கள் வீட்டில்தான் இருந்தான். சின்ன அத்தையின் மகன். சின்ன அத்தை நெய்வேலியில் வாக்கப்பட்டு அங்கேயே அவனைப் பெற்றார். அவனுக்கு ஒரு வயது ஆகும் முன்பே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். மாமா மறுமணம் செய்துகொண்டு வடக்கே போனார். பெரிய அத்தை நெய்வேலிக்குப் போய்ப் பையனைத் தூக்கிக்கொண்டு, கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்த பேருந்தில் நெல்லிக்குப்பம் வந்து இறங்கியதைப் பாட்டி பல முறை சொல்லியிருக்கிறார். ஊரில் இது தெரியாத ஆள் கிடையாது. சின்ன அத்தையின் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள், காரியத்துக்கு வந்தவர்கள்தான் அந்த நோட்டீஸையும் வாங்கிப் படித்தார்கள். படித்துவிட்டு, ‘நெய்வேலிக்கு அடிக்கடி போயிட்டு வந்துச்சே, அது இதுக்குத்தானா?’ என்றார்கள்.

நான் அந்த ஜெராக்ஸைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கல்லூரியில் சேர்வதற்காக அந்தக் கோடையில்தான் என் சான்றிதழ்களையெல்லாம் எடுத்து நகல் போட்டிருந்தேன். என்னுடையதில் மாவட்டம் என்ற இடத்தில் தென்னாற்காடு என்று இருக்கும். நோட்டீஸில் இருந்த சான்றிதழ் 1987இலேயே வழங்கப்பட்டதாகத் தேதி போட்டிருந்தது. மாவட்டமோ கடலூர் மாவட்டம். தென்னாற்காட்டைப் பிரித்துக் கடலூர், விழுப்புரம் என்று ஆக்கியதே 1993இல்தான். பிறக்காத மாவட்டம் கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இதை அப்பாவிடம் சொன்னதும் வீடு திருவிழா மாதிரி ஆகிவிட்டது. சித்தப்பா என் தலையில் தட்டி ‘புலி’ என்றார்.

பல ஆண்டுகள் கழித்து, பராக் ஒபாமா கென்யாவில் பிறந்தவர் என்று காட்ட 2009 ஆகஸ்டில் ஒரு சான்றிதழ் வெளிவந்தது. அவர் அமெரிக்காவில் பிறக்கவில்லை, அதனால் அதிபராக முடியாது என்று வாதாடிக்கொண்டிருந்தவர்கள் அதை நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோனார்கள். 1964 பிப்ரவரி தேதியிட்ட அந்தக் காகிதத்தின் தலைப்பில் கென்யக் குடியரசு என்று இருந்தது. கென்யா குடியரசானது 1964 டிசம்பரில். செய்தியைப் படித்ததும் எனக்கு அந்த ஜெராக்ஸ்தான் நினைவுக்கு வந்தது. போலி செய்கிறவர்களுக்கு வம்சம், சாதி, கற்பு எல்லாம் தெரிகிறது, நிர்வாக வரலாறுதான் தெரிவதில்லை. பிறகு பார்த்தால் அது ஆஸ்திரேலியாவில் பிறந்த யாரோ ஒருவரின் சான்றிதழைப் பார்த்துச் செய்தது என்று தெரிந்தது. அதனால் அந்தப் பேச்சு நின்றுவிடவில்லை. ஒபாமா 2008இலேயே ஹவாய் மாநிலச் சான்றிதழின் சுருக்க வடிவத்தைக் காட்டியிருந்தார். 2011 ஏப்ரல் 27 அன்று முழு வடிவத்தையும் வெளியிட்டார். அதற்குப் பிறகும் அதைக் கணினியில் செய்தது என்றார்கள். பல ஆண்டுகள் இந்தச் சந்தேகத்தை வளர்த்த டொனால்டு டிரம்ப், ஒபாமா அமெரிக்காவில் பிறந்தவர்தான் என்று சொன்னது 2016 செப்டம்பரில்.

அந்த விவாதம் நடந்த காலமெல்லாம் எல்லோரும் மகனைப் பற்றியே பேசினார்கள். எனக்கு ஆன் டன்ஹாமைப் பற்றிக் கவலையாக இருந்தது. 1961 ஆகஸ்டில் ஹோனலூலுவில் மகனைப் பெற்றபோது அவருக்கு வயது பதினெட்டு. பின்னாளில் ஜாவாவின் கிராமத்துக் கொல்லர்களைப் பற்றி ஆய்வு செய்து 1992இல் முனைவர் பட்டம் வாங்கியவர். 1995இல் இறந்துவிட்டார். கென்யக் கதை உண்மையாக வேண்டுமென்றால், நிறைமாதப் பெண் ஒருத்தி பாதி உலகம் தாண்டிப் போய்ப் பிள்ளை பெற்று, கைக்குழந்தையோடு திரும்பி வந்து, உள்ளூர் நாளிதழ்களில் பிறப்பு அறிவிப்பும் வரச் செய்திருக்க வேண்டும். அதாவது அவர் பெரிய பொய்க்காரியாக இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் என்பது பிள்ளையின் ஆவணம் என்று நினைக்கிறோம். அந்த நேரத்தில் பிள்ளைக்குப் பெயர்கூட இருக்காது. பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டே பதிவு செய்யலாம், பிறகு வந்து சேர்த்துக்கொள்ளலாம். அந்த நாளில், அந்த இடத்தில், என்ன நடந்தது என்று தன் உடம்பால் அறிந்த ஒரே ஆள் தாய். அவருடைய சாட்சியத்தைத்தான் சந்தேகித்தார்கள்.

எங்கள் வீட்டுக்குத் திரும்புகிறேன். அப்பாவும் சித்தப்பாவும் அன்று சாயங்காலமே பண்ருட்டிக்குப் போய் மறுப்பு நோட்டீஸ் அடிப்பதாக முடிவு செய்தார்கள். அசல் சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் இருந்தது. தாயின் பெயர் சின்ன அத்தை, தந்தையின் பெயர் மாமா, மாவட்டம் தென்னாற்காடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் கதை முடிந்தது. பெட்டிச் சாவி பெரிய அத்தையிடம். அவர் தரவில்லை.

‘தராம என்னா பண்ணப்போற? ஊரே சிரிக்குது’ என்றார் அப்பா.

‘சிரிக்கட்டும்ண்ணா. புள்ளையோட காயிதத்த என்னாத்துக்குத் தெருவுல போடணும்?’

‘உன் பேரு தெருவுல கெடக்குதே!’

‘எம் பேருதான? அது கெடக்கட்டும்.’

பிடிவாதம் என்றார்கள். தேர்தலில் நிற்கத் தெரிந்தவளுக்கு இது தெரியாதா என்று பாட்டியும் திட்டினார். காரணம் எனக்குத் தெரிந்தது மறுநாள் சமையலறையில். பையனுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் யாரோ நோட்டீஸைக் காட்டியிருக்கிறார்கள். அரிசி களைந்துகொண்டிருந்த அத்தையிடம் வந்து நின்று கேட்டான்: ‘ம்மா, நீதான் என்னப் பெத்தியா?’

தாயின் அக்கா தமிழில் பெரியம்மா. அவன் பேசத் தொடங்கியபோது பெரிம்மா என்றான், பிறகு அது ம்மா ஆகிவிட்டது. சின்ன அத்தையின் படம் கூடத்தில் மாலையோடு தொங்கியது. அது ‘சாமி அம்மா’. இரண்டு பேருக்கும் அம்மா என்ற சொல்லில் இடம் இருந்தது, அவனும் அதுவரை குழம்பியதில்லை. சான்றிதழில் ஒரு கட்டம்தான். அந்த நோட்டீஸ் வந்து அவனை ஒரு கட்டத்துக்குள் பேசச் சொன்னது.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு அவனை இழுத்து மடியில் உட்காரவைத்தார். ஒன்பது வயதுப் பையன், கால் தரையில் இழுபட்டது. ‘சாமி அம்மா பெத்துச்சு. எங்கிட்டக் குடுத்துச்சு’ என்றார். ‘அப்ப நோட்டீசுல போட்டது பொய்யா?’ என்றான். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘உங்கம்மா பேருன்னு எம் பேரப் போட்டிருக்கான். அதுல என்னா பொய்யி?’ என்றார்.

அவரால் ஏன் மறுக்க முடியவில்லை என்று அப்போதுதான் பிடிபட்டது. மறுப்பு நோட்டீஸில் என்ன எழுத வேண்டும்? ‘நான் இவனுடைய தாய் அல்ல’ என்று. அதை அச்சடித்து, ஆலைக் கதவில், ரேஷன் கடையில், அவன் பள்ளிக்கூட வாசலில் ஒட்ட வேண்டும். நோட்டீஸ் போட்டவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவன் ஒரு பெண்ணைக் கேவலப்படுத்த என்ன எழுதலாம் என்று யோசித்து, கைக்கு அகப்பட்டதை எழுதியிருப்பான். ஆனால் அவன் பொய் போய் நின்ற இடம், அத்தையின் வாழ்க்கையில் மிக உண்மையாக இருந்த இடம்.

மறுப்பு அச்சாகவில்லை. அத்தை கொஞ்ச ஓட்டில் தோற்றார். காட்டியிருந்தால் ஜெயித்திருப்பார் என்று எங்கள் குடும்பத்தில் இன்றும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடலூர் மாவட்டம் என்ற தவற்றை நான் நாலு பேரிடம் விளக்கிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘மாவட்டம் தப்பாப் போட்டிருப்பான், மத்ததெல்லாம் சரியா இருக்கும்’ என்றார். அத்தைக்குத் தோல்வியைவிட வேறொன்று வலித்தது. தையல் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த பெண்களில் சிலரை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. அந்த வார்டில் ஒரு கட்சிக்காரரின் மனைவி நின்று ஜெயித்தார். பெயர்ப்பலகையில் அவர் பெயர் சிறியதாகவும் கணவர் பெயர் பெரியதாகவும் இருந்தது.

பிள்ளை பெற்றதாகச் சொல்லி ஒரு பெண்ணை அடிக்கலாம். பெறவில்லை என்று சொல்லியும் அடிக்கலாம். மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்தைச் சேர்ந்த பி.வி. கோபாலனின் பேத்தி கமலா ஹாரிஸ் விஷயத்தில் இரண்டும் நடந்தன. 2020இல் அவர் துணை அதிபர் வேட்பாளர் ஆனதும், ஓக்லண்டில் 1964இல் பிறந்தவரின் பிறப்பைக் கிளறினார்கள். அவர் பிறந்தபோது பெற்றோர் அமெரிக்கக் குடியுரிமை பெறாதவர்கள், ஆகவே இவர் தகுதியுள்ளவரா என்று ஒரு சட்டப் பேராசிரியரே கட்டுரை எழுதினார். பிறப்புச் சான்றிதழ் நாளிதழில் வெளியானது. இந்தியாவிலிருந்து படிக்கப் போன சியாமளா கோபாலனின் இனம் என்ற இடத்தில் வெள்ளையர் என்பதற்கான சொல்லை அதில் எழுதியிருந்தார்கள். மருத்துவமனை எழுத்தருக்கு வேறு கட்டம் தெரியவில்லை போலிருக்கிறது. அதையும் பிடித்துக்கொண்டு, பார், இவள் கறுப்பினத்தவளே இல்லை என்று ஆடினார்கள்.

பிறப்புக் கதை ஓய்ந்ததும் அடுத்தது வந்தது. பிள்ளை பெறாத பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள், நாட்டின் எதிர்காலத்தில் இவர்களுக்கு என்ன பங்கு என்று ஜே.டி. வான்ஸ் 2021இல் சொன்னது, 2024 தேர்தலில் மறுபடி சுற்றியது. பூனை வளர்க்கும் பிள்ளையில்லாப் பெண்கள் என்று அவர் சொன்ன பட்டியலில் கமலாவின் பெயரும் இருந்தது. கணவரின் முதல் மனைவியின் பிள்ளைகள் இருவர் அவரை ‘மோமலா’ என்று கூப்பிடுகிறார்கள். பெரிம்மா, ம்மா ஆன மாதிரிதான். அந்தச் சொல்லுக்குச் சான்றிதழில் கட்டம் கிடையாது. தமிழில் மலடி என்ற சொல்லை எத்தனையோ தெருச் சண்டையில் கேட்டிருக்கிறேன். மலடன் அகராதியில் இருக்கிறான். தெருவில் அவனை ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.

ஜெயலலிதாவும் இந்த இரண்டு அடியையும் வாங்கியவர்தான். ஊரே அம்மா என்றது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம், 2013இல் அம்மா உணவகம், 2015இல் அரசு மருத்துவமனையில் பிரசவித்தவர்களுக்குப் பதினாறு பொருள்கள் வைத்த அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகம். அந்தப் பெயர் ஒட்டும் அரசியலில் எனக்கு விமர்சனம் நிறைய உண்டு. ஒரு பெண் அதிகாரத்துக்கு வந்தால் தாயாக உருமாறித்தான் உட்கார வேண்டும் என்பதை அவரே உறுதிப்படுத்தினார் என்று வகுப்பில் சொல்கிறவள் நான். ஆனால் தாய் என்று ஒத்துக்கொண்ட அதே கூட்டம்தான், அப்படியானால் பிள்ளை எங்கே என்று கேட்டது.

சட்டம் இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தித்தான் வருகிறது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பெயர் வெளியிடாத ஒரு தாயின் வழக்கில், மணமாகாத தாய் தந்தை யாரென்று சொல்லக் கட்டாயமில்லை, ஓர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2018இல் திருச்சியைச் சேர்ந்த ஒரு தாய், செயற்கைக் கருத்தரிப்பில் பெற்ற மகளின் சான்றிதழில் தந்தை பெயருக்கான இடத்தைக் காலியாக விட உயர் நீதிமன்றம் வழி செய்தது. இவற்றை மாணவிகளிடம் சொல்லும்போது, ‘சூப்பர் மிஸ்’ என்பார்கள். காலியிடத்தைச் சட்டம் அனுமதித்துவிட்டது. வாட்ஸப் இன்னும் அனுமதிக்கவில்லை. ஆம்னஸ்டி அமைப்பு 2019 மக்களவைத் தேர்தல் சமயத்தில் இந்தியப் பெண் அரசியலாளர்கள் 95 பேரைக் குறிப்பிட்ட ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்தது. 13.8 சதவீதம் வசையாகவோ சிக்கலானவையாகவோ இருந்தன. ஏழில் ஒன்று. பாரி ஆலைக் கதவில் கிடந்த காகிதங்களை அன்று நாங்கள் பொறுக்கிச் சாக்கில் போட முடிந்தது.

போன ஆண்டு எங்கள் துறையில் மாணவர் மன்றத்துக்கு ஒரு பெண் நின்றாள். முதல் தலைமுறைப் பட்டதாரி, நன்றாகப் பேசுவாள், மேடையில் பயம் கிடையாது. தேர்தலுக்கு முந்தைய நாள் அவளுடைய பிறப்புச் சான்றிதழ் வகுப்புக் குழுவில் வந்தது. எங்கிருந்து எடுத்தார்களோ. அதில் தந்தையின் பெயர் இல்லை. இது போலி இல்லை, அசல். கீழே சிரிக்கும் பொம்மைகள், ‘அப்பா எங்க?’ என்று ஒரு சினிமாக் காட்சியின் மீம். பொய்யைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, உண்மையான காகிதமும் அதே வேலையைச் செய்யும் என்பது அன்றுதான் தெரிந்தது.

என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு நின்றாள். அழவில்லை. கைப்பேசியை மேசையில் வைத்தாள். ‘எல்லாரும் இத ஃபேக்குன்னு சொல்லிடச் சொல்றாங்க மிஸ். எடிட் பண்ணதுன்னு சொன்னா நம்பிடுவாங்களாம். வேற ஒண்ணு ரெடி பண்ணித் தரேன்றான் ஒருத்தன்.’

அத்தையின் கதையை அவளிடம் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. அவளுக்கு அப்போது தேவைப்பட்டது வேறு. ஒருவருடைய சான்றிதழை எடுத்துப் பரப்புவது தவறு என்றும், கல்லூரிக் குழுவில் புகார் தரலாம் என்றும், பெயரைக் கெடுக்க ஆவணத்தை ஜோடித்தால் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது, முன்பு தண்டனைச் சட்டத்தில் 469, இப்போது நியாய சன்ஹிதாவில் 336 என்றும் சொன்னேன். வேறொன்று தயார் செய்து தருகிறேன் என்றவனை அந்தப் பக்கமே வரவிடாதே என்றும் சொன்னேன்.

அவள் கைப்பேசியை எடுத்து, படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

‘ஃபேக்குன்னு எப்பிடி மிஸ் சொல்றது? எங்கம்மா பேரு சரியாத்தான இருக்கு.’

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புகார் எழுத ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள். அனுப்புநர் என்று எழுதி, தன் பெயருக்கு முன்னால் அம்மாவின் முதலெழுத்தைப் போட்டாள். ஒரு புள்ளி வைத்தாள். பெறுநர் முகவரியில் ‘முதல்வர் அவர்கள்’ என்று போட்டால் போதுமா, பெயரும் எழுத வேண்டுமா என்று என்னிடம் கேட்டாள்.